எதிரி இல்லாத நாடகம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, மேடையில் சாக மாட்டேன் என்று அடம்பிடித்த ஓர் அசுரனை என் கண்ணால் பார்த்தேன். அசுரன் வேடம் போட்டவர் ஸ்டேஷன் மாஸ்டர். அவரைக் கொல்ல வேண்டிய தெய்வம், அவருக்குக் கீழே சிக்னலில் வேலை பார்த்த ஓர் இளவட்டம். முதல் அம்பு பட்டது. அசுரன் மீசையை முறுக்கினார். அடுத்த அம்பு பட்டது, ஹார்மோனியக்காரர் சோக ராகத்தை வாசித்துப் பார்த்தார், அசுரன் அசையவில்லை. தெய்வம் கிட்டே போய், "சார், விழுந்துடுங்க சார்," என்று கெஞ்சியது முன்வரிசை வரைக்கும் கேட்டது. கடைசியில் அசுரன் கையை உயர்த்தி, "இவனால் அல்ல, என் சொந்த விருப்பத்தால் உயிரை விடுகிறேன்," என்று அறிவித்துவிட்டு, கிரீடம் நசுங்காத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த வருஷம் அதே மேடையில் என் தலையெழுத்தை வைத்து விளையாடப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முப்பதுகளின் தொடக்கம் அது. குவாட்டர்ஸ்காரர்கள் சேர்ந்து ஒரு நாடக சபா நடத்தினார்கள். தலைவர் என் அப்பா. கூட்ஸ் ஷெட்டில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. உபதலைவர், சாக மறுத்த ஸ்டேஷன் மாஸ்டர். பொருளாளர், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கமிட்டியில் ரயில்வேயைச் சேராதவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே ரயில்வேயின் கௌரவத்தைப் பற்றி மற்ற எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்படுவார்.

சபாவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆபீஸில் யாருக்கு எந்தக் கிரேடோ, மேடையிலும் அதே கிரேடு. ராஜா வேடம் பெரிய கிரேடுக்கு, மந்திரி வேடம் அதற்கு அடுத்ததற்கு. தண்டவாளக் கூலிகளை மேய்க்கும் மண்டோருக்கு, கூவினால் பத்துமலை வரைக்கும் கேட்கும் குரல்; ஆனாலும் வாயைத் திறக்காத காவலாளி வேடத்துக்கு மேல் அவருக்குக் கிடைத்ததில்லை. டிக்கெட் கவுண்ட்டரில் இருந்த ஒல்லிக் கிளார்க்குக்கு மீசை சரியாக வளரவில்லை. அவருக்கு நிரந்தரமாகப் பெண் வேடம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் தோற்கக் கூடாது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் குரலை உயர்த்தக் கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உலகத்தில் எந்தக் கதையைச் சொல்ல முடியும் என்று யாருமே யோசிக்கவில்லை. கிரேடு இருக்கும்போது யோசனை எதற்கு?

அந்தச் சமயத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் தேறியிருந்தேன். டீச்சராகப் பயிற்சி எடுக்க வேண்டும். நார்மல் கிளாஸ் என்பார்கள் அதை. எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, ஒரு வெள்ளைக்கார மெம், எனக்காக ஓர் இடம் வைத்திருப்பதாக வீட்டுக்கே வந்து சொன்னார். அவருக்குத் தமிழ் வரும். ஆனால் அது பைபிளில் படித்த தமிழ். "உம்முடைய குமாரத்தி நன்றாய்ப் போதிப்பாள்," என்றார் அப்பாவிடம். அப்பா நல்ல கோப்பையில் டீ கொடுத்து, கேட் வரைக்கும் போய் வழியனுப்பி, "யோசிச்சுச் சொல்றோம்," என்றார். எங்கள் வீட்டில் யோசிச்சுச் சொல்றோம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது தெரியாத மெம் சந்தோஷமாகக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்; கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர் அவர்தான். "பொம்பளைப் பிள்ளை சம்பாதிச்சுக் கொண்டாந்தா ஊரு என்ன பேசும்? பெரிய கிராணிக்குக் கையாலாகலைன்னு பேசும்," என்பார். அவர் பயந்தது என் படிப்புக்கு அல்ல, ஊர் வாய்க்குத்தான். இதற்கிடையில் கிள்ளானிலிருந்து ஒரு வரன் வேறு வந்திருந்தது. மாப்பிள்ளை துறைமுகத்து ஆபீஸில் வேலை. மாப்பிள்ளையின் தகப்பனார், பெண் படித்தது போதும், இனிமேல் படித்தால் கண்ணாடி போட வேண்டி வரும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. எனக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

அசுரன் விவகாரத்துக்குப் பிறகு சபா ஒரு முடிவுக்கு வந்தது: இனிமேல் சண்டை போடுகிற நாடகமே வேண்டாம். சமூக நாடகம் போடலாம். எழுதும் பொறுப்பு என் அண்ணனிடம் வந்தது. அப்பாவின் ஆபீஸிலேயே கடைசிக் கிரேடில் இருந்தவன். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பி, திரும்பி வருகிற கதைகளைப் பெட்டியில் அடுக்கி வைப்பவன். அவன் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "உன் கதையைத்தான் எழுதப் போறேன்," என்றான்.

ஒரு பெரிய கிராணியின் மகள் டீச்சராக ஆசைப்படுகிறாள். தகப்பன் மறுக்கிறார். ஒரு வட்டிக்கடைக்காரன் நடுவில் புகுந்து அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். கடைசியில் மகள் ஜெயிக்கிறாள். எனக்கு அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் கரண்டி இருந்ததால் கூட ரெண்டு தோசை போட்டேன்.

கமிட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் கூடும். காப்பி கொடுப்பது நானும் அம்மாவும். அதனால் அந்தக் கதை எப்படி உருவி எடுக்கப்பட்டது என்பதை ஆதியோடந்தமாக நான் அறிவேன்.

முதலில் போனது வட்டிக்கடைக்காரன். மளிகைக் கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கொட்டகைக்கு வருஷா வருஷம் தகரம் குடுக்கிறதே அவங்கதான். அவங்களையே வில்லனாக்கினா அடுத்த வருஷம் வெயில்ல நின்னு ஆட வேண்டியதுதான்," என்றார்.

அண்ணன் வட்டிக்கடைக்காரனை எஸ்டேட் கங்காணியாக்கினான். ஸ்டேஷன் மாஸ்டர் தலையாட்டி மறுத்தார். "கிள்ளான் பக்கத்துக் கங்காணிமாரெல்லாம் லோரி பிடிச்சு வராங்க. அவங்களைக் கூப்பிட்டு உக்காரவெச்சா திட்டுறது?"

கள்ளுக்கடைக்காரன் ஆக்கலாம் என்றான் அண்ணன். கள்ளுக்கடை சர்க்கார் லைசென்ஸில் நடப்பது. ஆகவே ராஜத் துரோகம். வெள்ளைக்கார முதலாளி என்று அண்ணன் சொல்லவே இல்லை, நினைத்ததாக முகத்தில் தெரிந்தது. அதற்கே அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

மனிதர்களை விட்டுவிடுவோம் என்று அண்ணன் புலிக்குப் போனான். மகள் காட்டு வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது புலி வருகிறது. இதில் யார் மனது புண்படும்? ஸ்டேஷன் மாஸ்டர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சர்க்கார் கொடியில என்ன இருக்கு?" என்று கேட்டார். புலி இருந்தது. தபால் தலையிலும் அதேதான் இருந்தது. புலியும் போனது.

வெள்ளம் வந்தது. வெள்ளம் என்றால் வாய்க்காலை யாரோ ஒழுங்காக வெட்டவில்லை என்று அர்த்தம். மராமத்து இலாகாக்காரர்கள் மூன்றாவது வரிசையில் உட்காருவார்கள். மலேரியா வந்தது. மலேரியா என்றால் கொசுவுக்கு எண்ணெய் தெளிக்கிறவர்கள் தூங்குகிறார்கள் என்று ஆகும்; அவர்கள் நான்காவது வரிசை. அண்ணன் கடைசி முயற்சியாக, "மழை பெய்யுது, அவ்வளவுதான், சும்மா மழை," என்றான். மழைக்கு எதிர்ப்பில்லை, ஆனால் கதாநாயகி நனையக் கூடாது என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார். சேலை வாடகைக்கு எடுத்தது.

அண்ணனுக்கு அழுகை வராத குறை. "எதிர்ப்புன்னு ஒண்ணு இருந்தாத்தாங்க கதை நகரும். அம்மியில வெறுமனே மிளகாயை வெச்சா அரைபடுமா? குழவி அழுத்தணும்ல?" என்றான்.

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். "தம்பி, என் லைன்ல ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா அதுக்குப் பேரு கதையில்ல. ஆக்சிடென்ட்."

எல்லாரும் கைதட்டினார்கள். அத்தோடு தமிழ் நாடகக் கலையின் ஆயிரம் வருஷப் பிரச்சினை பிரிக்பீல்ட்ஸில் தீர்ந்தது.

மிச்சமிருந்தது நாடகத்தில் வரும் தகப்பன் ஒருவர்தான். "அவராவது மறுக்கட்டும்பா," என்றான் அண்ணன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "தகப்பன் எப்படிடா எதிரியாவான்? அவன் என்ன சொன்னாலும் பிள்ளை நல்லதுக்குத்தான். அந்தப் பெரிய கிராணியைக் கெட்டவனாக் காட்டினா பாக்கிறவன் என்னையில்ல நினைப்பான்?" என்றார்.

"அப்ப மக கேட்டவுடனே சரின்னுதாம்பா சொல்லணும்," என்றான் அண்ணன்.

"சொல்லட்டும். பெருந்தன்மையா சொல்லட்டும்."

அப்போதுதான் அம்மா இரண்டாவது தட்டு காப்பியோடு உள்ளே வந்தாள். நாடகத்து மகளுக்கு ஓர் அம்மாவும் இருந்தாள். அவளுக்கு ஒரு சின்னக் காட்சி. ஆனால் மீசை இல்லாதவர், மகளாக நடிக்கும் டிக்கெட் கிளார்க் ஒருவர்தான். மற்றவர்கள் யாரும் மீசையை எடுக்கச் சம்மதிக்கவில்லை. "அம்மாக்காரி செத்துட்டதா வெச்சுக்கலாம். கதைக்கு ஒண்ணும் குறையாது," என்றார் மளிகைக் கடைக்காரர். அப்பா அம்மா நீட்டிய கோப்பையை எடுத்துக்கொண்டே, "வெச்சுக்கலாம்," என்றார். அம்மா தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது. நாடகத்துத் தகப்பன் பெரிய கிராணி. சபா சட்டப்படி பெரிய கிராணியாகப் பெரிய கிராணிதான் நடிக்க முடியும். அப்படியானால், ஊர் முழுக்க உட்கார்ந்து பார்க்கும்போது, "நான் டீச்சருக்குப் படிக்கப் போகட்டுமாப்பா?" என்று கேட்கும் மகளிடம், "தாராளமாகப் போய்ப் படித்து வா, மகளே," என்று என் அப்பா தன் வாயால் சொல்லியாக வேண்டும். கொட்டகையின் முன்வரிசை நாற்காலிகள் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கினவை. அதற்காக மெம்முக்கு முன்வரிசையில் அழைப்பு. மெம் காதில் விழுந்த சொல்லை அப்பா எப்படித் திரும்ப வாங்குவார்? இதை நான் அண்ணனிடம் சொன்னேன். அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "வாயை மூடிட்டு இரு," என்றான். மூடிக்கொண்டேன். அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் அடுத்து வந்த வாரங்கள் எல்லாம் தூங்கி எழுந்தேன்.

அப்பாவுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். ஒத்திகையும் கிரேடைப் பொறுத்ததுதான். சின்னக் கிரேடுக்காரர்கள் ஒத்திகையில் வசனத்தை முழுக்கப் பேசுவார்கள். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் முறை வரும்போது, "இந்த எடத்துல நான் பேசுவேன்," என்று கையை வீசுவார்கள். அவ்வளவுதான் ஒத்திகை. அப்பா அந்த வசனத்தைக் காகிதத்தில் பார்த்திருந்தார், பெருந்தன்மையாக இருக்கிறது என்று மெச்சியும் இருந்தார். ஆனால் அது வாயில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடச் சுவைத்துப் பார்க்கவில்லை.

நாடகத்தன்று எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. கிள்ளான் சம்பந்தியை, தன் கௌரவத்தை நேரில் பார்க்கட்டும் என்று, அப்பா நாடகத்துக்கு அழைத்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாரும் தாயாரும் மத்தியான ரயிலில் வந்து இறங்கினார்கள். கொட்டகையில் முன்வரிசையில் அப்பாவின் ஆபீஸ் துரை, அவருக்குப் பக்கத்தில் மெம். சரியாக மெம்முக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தகப்பனார், மடியில் தொப்பியோடு. பெண்கள் பக்கத்தில் நான், அம்மா, அம்மாவின் தோளை உரசிக்கொண்டு மாப்பிள்ளையின் தாயார். அந்த அம்மாள் என் காதுக் கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை எட்டு மணிக்கு டின்னருக்குப் போக வேண்டும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே நாடகம் தொடங்கியது. எதிரிகளை எல்லாம் விரட்டிவிட்ட நாடகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், வெந்நீரில் ஊறின பிஸ்கட்டைத் தின்று பார்க்கலாம். மேடைச் சுவரில் மாலை போட்ட ஒரு படம், செத்துப்போன அம்மாவுக்காக. பால்காரர் வந்து பால் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார் அப்பா. ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டேஷன் மாஸ்டராகவே வந்து, வண்டிகள் சரியான நேரத்துக்கு ஓடுவதாகத் தெரிவித்தார். ரொம்ப நல்லது என்றார் அப்பா. மழை பெய்தது, யாரும் நனையவில்லை, ரொம்ப நல்லது. அந்த நாடகத்தில் ரொம்ப நல்லது என்ற வசனம் வந்த அளவுக்கு வேறெதுவும் வரவில்லை. துரை கண்ணை மூடிக்கொண்டார். கச்சாங் பூத்தே விற்பவரைச் சுற்றி, மேடையைச் சுற்றி இருந்ததைவிடக் கூட்டம். கடலையும் பட்டாணியும் கடிபடும் சத்தத்தில் ஹார்மோனியம் அமுங்கியது. கங்காணிமார்களில் ஒருவர், "எப்ப சண்டை வரும்?" என்று கேட்டார். "இதுல சண்டை இல்லையாம்லா," என்றார் பக்கத்திலிருந்தவர். "அப்புறம் எதுக்கு நம்மளைக் கூப்பிட்டாங்க?"

கடைசிக் காட்சி. டிக்கெட் கிளார்க் வாடகைச் சேலையில் மெல்ல நடந்து வந்து, அப்பாவின் முன்னால் நின்று, தலை குனிந்தார்.

"அப்பா, நான் டீச்சருக்குப் படிக்கப் போகட்டுமா?"

அப்பா வாயைத் திறந்தார். கண் முன்வரிசைக்குப் போனது. மெம் முகமெல்லாம் மலர்ந்து, நாற்காலி நுனிக்கு நகர்ந்திருந்தார். அப்பாவின் கண் மெம்மின் தொப்பிக்கு மேலே ஏறியது. அங்கே மாப்பிள்ளையின் தகப்பனார். அப்பா வாயை மூடினார்.

பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் வசனத்தை எடுத்துக் கொடுத்தான். "தாராளமாக..." அப்பாவுக்குக் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. அண்ணன் குரலைக் கூட்டினான். "தாராளமாகப் போய்ப் படித்து வா, மகளே!" இப்போது கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அப்பாவின் நெற்றியில் அரிதாரம் கரைந்து ஓடியது. டிக்கெட் கிளார்க் செய்வதறியாமல் இன்னொரு தடவை கேட்டார்: "போகட்டுமாப்பா?"

கடலை கடிக்கும் சத்தம் நின்றது. துரை கண்ணைத் திறந்தார். குவாட்டர்ஸ்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டுச் சமாசாரம் தெரியும். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாமல் எங்கே போகும்? ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். பின்னாலிருந்து தண்டவாள மண்டோர், மேடையில் ஒரு வசனமும் கிடைக்காத அந்தக் குரலில், "சொல்லுங்க ஐயா!" என்றார். கூட்டம் முழுக்கச் "சொல்லுங்க! சொல்லுங்க!" என்று பிடித்துக்கொண்டது. புலியையும் வெள்ளத்தையும் வெட்டியெறிந்த கமிட்டி, அப்பாவின் தொண்டையை மறந்துவிட்டிருந்தது. அண்ணன் மாதக்கணக்கில் கெஞ்சிக் கேட்ட எதிர்ப்பு இப்போதுதான் மேடைக்கு வந்திருந்தது. ஒரு மனுஷனும் அவர் சொல்ல வேண்டிய வசனமும் எதிரும் புதிருமாக நின்றார்கள். எனக்கு நாடகத்தைப் பற்றிய நினைப்பே இல்லை. சொல்லிடுங்கப்பா, சொல்லிடுங்கப்பா என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில், அவர் அப்படித் தவிப்பதைப் பார்க்கவும் தாங்கவில்லை.

கடைசியில் அப்பா தொண்டையைச் செருமினார். மேலதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது ஆபீஸில் எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். இன்னொருவர் தலையில் கட்டினார்.

"உங்கம்மாவைக் கேட்டுச் சொல்றேன்."

கங்காணிமார் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அந்த அம்மாதான் செத்துருச்சே!"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. டிக்கெட் கிளார்க்கும் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன்னையறியாமல் அவர் கண் பெண்கள் பக்கம் வந்தது. அவர் பார்த்த பக்கம் ஒவ்வொருவராக எல்லாரும் திரும்பினார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், என் பக்கத்தில் பாய் சரசரத்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

அம்மா வீட்டில்கூட உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அப்பா கேட்காமல் கருத்துச் சொல்ல மாட்டாள், அப்பாவோ கேட்டதில்லை. அப்படிப்பட்டவள், அவ்வளவு கூட்டத்தில், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையைப் பார்த்துச் சொன்னாள்:

"கல்யாணம் ஆனதிலேருந்து இன்னிக்குத்தான் என்னைக் கேக்கறீங்க. அனுப்பி வைங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் கை என் கையைப் பிடித்தது. கைதட்டல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன். யாரோ படுதாவை இறக்கினார்கள். பதற்றத்தில் பாதியிலேயே சிக்கிக்கொண்டதால், அப்பாவின் கால் மட்டும் ரொம்ப நேரம் தெரிந்தது. துரை, எழுந்து நின்று கைதட்டி, இந்த ஊரில் தான் பார்த்த நல்ல நாடகம் இதுதான் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாப்பிள்ளையின் தாயார் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். கிள்ளானுக்குப் போகும் கடைசி ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தும், அவர்கள் ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. எங்கள் வீட்டில் அல்ல, மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில். கமிட்டியின் முன் அனுமதி பெறாத வசனத்தை, உறுப்பினர் அல்லாத ஒருவர், செத்துப்போன கதாபாத்திரத்தின் சார்பில் பேசியது ஒழுங்கீனம் என்று கண்டித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும், தானும் ஒரு காலத்தில் சாக மறுத்தவர் என்பதாலோ என்னவோ, கையைத் தூக்கவில்லையாம்.

நாடகம் முடிந்த அன்றிரவு அப்பா அரிதாரத்தைக் கழுவ வெந்நீர் கேட்கவில்லை. அம்மா கேட்காமலே வைத்தாள். அவர் தொடவில்லை. மறுநாள் காலையில் நெற்றியோரத்தில் ஒட்டிய சிவப்போடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகையில் கைதட்டியவர்கள் யாரும் எங்கள் வீட்டில் குடியிருக்கவில்லையே. நாடகத்தில் நடந்ததெல்லாம் வேடிக்கை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து மெம் வந்தார். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, அப்பாவின் எதிரே உட்கார்ந்து, "உமது வீட்டாரின் வார்த்தையைக் கேட்டு என் இருதயம் களிகூர்ந்தது," என்றார். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அது நாடகம். வீட்டு விஷயம் வேற. நாங்க யோசிச்சு..." என்று தொடங்கினார்.

அம்மா டீயோடு வந்தாள். வழக்கமாகத் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். நான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று, அவளுக்கு இடம்விட்டு ஒதுங்கினேன். அவள் வரவில்லை. தட்டை வைத்தாள். மெம்முக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்தாள். அப்பாவுக்கு நேர் எதிரே, முதுகை நேராக வைத்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். தெருவில் மாட்டுவண்டி ஒன்று கடகடவென்று போய் முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெம் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"கிளாஸ் என்னிக்கு ஆரம்பிக்குது?"